உன் அம்மா பெயரில் நான் எழுதிய கடிதங்கள்

தம்பி, இதைப் பாதி படித்துவிட்டு எனக்கு போன் செய்யாதே. கடைசிவரை படி. நீ தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், உனக்கு ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். கல்கத்தா பவானிபூரில் வளர்ந்த பிள்ளைக்கு வங்காளம் ஓடி வரும், தமிழ் நடந்துதான் வரும் என்று உன் அம்மா சொல்வாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உனக்கும் எனக்கும் சுலபம்தான். ஆனால் ஆங்கிலத்தில் எனக்கு மழுப்பத் தெரியும். தமிழில் அந்த அளவுக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை, "அம்மா கடைசில என்னப் பத்தி ஏதாவது கேட்டாளாப்பா?" என்று கேட்டாய். இரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கேட்டாய். அதற்கெல்லாம் நேரம் எங்கே இருந்தது என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. இந்தப் புரட்டாசியில் திதிக்கு வரும்போது என்னைக் கையோடு புனேவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வரவேண்டும். படித்த பிறகும் கூட்டிப்போகத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள். மருமகளுக்கும் படித்துக் காட்டு. வேறு யாருக்குக் காட்ட நினைத்தாலும் காட்டு. மறைத்து வைத்து மறைத்து வைத்து எனக்கு அலுத்துவிட்டது.

நான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதே உனக்கு ஆச்சரியமாக இருக்கும். கிடர்பூரில் கப்பல் ஏஜென்சியில் முப்பத்து நான்கு வருடம் நான் செய்த வேலை என்னவென்று நீ ஒருமுறையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கில் எது நனைந்தது, எது உடைந்தது, எது கிழிந்தது என்று பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. அதற்கென்று ஒரு பாஷை இருந்தது. மூட்டைகள் நனைந்த நிலையில் காணப்பட்டன. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருப்பது கவனிக்கப்பட்டது. யார் நனையவிட்டார்கள், யார் கீழே போட்டார்கள் என்பது அதில் வராது. அது வராதபடி எழுதத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன். ஓய்வு பெற்ற அன்று அதைச் சொல்லித்தான் எனக்கு மாலை போட்டார்கள்.

வீட்டில் எனக்கு எந்த பாஷையும் தேவைப்படவில்லை. எல்லாப் பேச்சும் உன் அம்மா வழியாகவே போய் வந்தது. உனக்குப் புனேயில் வேலை கிடைத்த அன்று, நீ சமையலறை வாசலில் நின்று அவளிடம் சொன்னாய். நான் ஐந்தடி தூரத்தில் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "அவனுக்குப் புனேல கிடைச்சிருக்காம்" என்றாள். நல்ல கம்பெனியா என்று கேள் என்றேன். அவள் உன் பக்கம் திரும்பி, "நல்ல கம்பெனியான்னு கேக்காரு" என்றாள். மூன்று பேரும் இருந்தது ஒரே அறையில். அன்றைக்கு இது வேடிக்கையாகக்கூடத் தெரியவில்லை, ஏனென்றால் பல வருடங்களாகவே அப்படித்தான். உன் வீட்டில் இது நடக்காமல் பார்த்துக்கொள். உனக்கும் உன் மகளுக்கும் நடுவில் மருமகளை நிறுத்தி வைக்காதே. அவள் ஒரு வாரம் ஊருக்குப் போனால்கூட உங்கள் இருவருக்கும் பேச விஷயம் இருக்கவேண்டும்.

நாம் நேருக்கு நேர் பேசிக்கொண்டது ஒரே ஒருமுறை. அதுவும் சண்டை. பொங்கலுக்கு நீ தனியாக வந்திருந்தாய். உன் அம்மாவோடு லேக் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்ததும், செருப்பைக் கழற்றாமலே என் முன்னால் வந்து நின்றாய். "அப்பா, மூணு மாடி ஏறதுக்குள்ள அம்மா ரெண்டு தடவ படியில உக்காந்துட்டா. நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாய். நான் பார்த்ததில்லை. எப்போதும் அவளுக்கு முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறக்கிறவன் நான். பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, என் வீட்டில் நான் இருப்பதற்கு உன் அனுமதி வேண்டுமா என்று கேட்டேன். லிஃப்ட் இருக்கிற வீடு, நல்ல டாக்டர், கூடவே நாங்கள் என்று நீ சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது. முதுகெலும்பு நிமிர்ந்திருக்கும்வரை மகன் வீட்டில் போய் உட்காரமாட்டேன் என்றேன். மறுநாள் காலையில் நீ பையை எடுத்துக்கொண்டு ஹவுராவுக்குக் கிளம்பினாய். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாய். உனக்கு எட்டு மாதம் என் குரல் தேவைப்படவில்லை. எனக்கும் உன் குரல் தேவையில்லை என்று காட்டிக்கொண்டேன்.

அடுத்து நடந்ததாக நீ அறிந்தது இதுதான். துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் ஒரு வியாழக்கிழமை காலை நான் உன்னைக் கூப்பிட்டேன். முந்தைய நாள் சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சு முட்டியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், காலையில் போய்விட்டாள் என்றேன். அன்று மதியமே வந்து சேர்ந்தாய். கொள்ளி வைத்தாய், கங்கையில் அஸ்தி கரைத்தாய். தெருவெல்லாம் பூஜைக்கு டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் நாள் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, அன்றைக்குச் சண்டை போடாமல் பொறுமையாகச் சொல்லியிருந்தால் அம்மா என்னோடு வந்திருப்பாளோ என்று சொல்லி அழுதாய். நான் உன் முதுகில் கை வைத்தேன்.  கீழ்வீட்டு ஷீலா போதி ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றுகூடக் கேட்டாய். பெயருக்குத்தான் போதி, அண்ணி; சின்ன வயதில் உன்னைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கும் துக்கம்தானே என்றேன்.

நீ போன பிறகு நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல அதிகம் இல்லை. படுத்தேன், எழுந்தேன். சாதம் வைத்தால் அளவு தெரியாமல் இரண்டு பேருக்கு வைத்தேன். இரண்டு மாதம் ஆனதும் ஒரு நாள் தபால்காரர் இன்லாண்டு லெட்டர் ஒன்றைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். கரக்பூரிலிருந்து செண்பகம் உன் அம்மாவுக்கு எழுதியிருந்தாள். செண்பகத்தை நீ மூன்று வயதில் பார்த்திருப்பாய். அவள் புருஷன் ரயில்வேயில் இருந்தவர். கரக்பூருக்கு மாற்றலாகிப் போகும்வரை நம் மாடியில் எதிர்வீட்டுக்காரர்கள். திருநெல்வேலிப் பக்கம், நம்மைப் போல. அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, அதனால் போன் கிடையாது. முப்பது வருடமாக மாதம் ஒரு கடிதம் இவள் எழுதுவாள், ஒன்று அவள் எழுதுவாள். உன் அம்மா ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்திருப்பாய். என்னதான் எழுதுகிறாள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. சாவுச் செய்தியைச் செண்பகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை பார்.

கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ரெண்டு மாசமா ஏன் கடிதம் இல்லை, கோபமா என்று கேட்டிருந்தாள். படி ஏறும்போது மூச்சு வாங்குவது இப்போது எப்படி என்று கேட்டிருந்தாள். அண்ணாச்சியும் மகனும் பேசிக்கொண்டார்களா என்று கேட்டிருந்தாள். நான் உட்கார்ந்து பதில் எழுதினேன். தங்கள் தோழி கோமதி கடந்த புரட்டாசி மாதம் காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். சேத அறிக்கை போல இருந்தது. கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எழுதிப் பார்த்தேன். இல்லை செண்பகம், இன்னும் பேசவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். இப்படி எழுதியதும் அது உன் அம்மா பேசுவது போல் இருந்தது. நிறுத்த முடியவில்லை. கையில் நடுக்கம் வந்துவிட்டது, நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த தமிழ்ப் பெண் எழுதித் தருகிறாள் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கையெழுத்து மாறியதற்குச் சமாதானம் வேண்டுமே. ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அன்று வெகுநாள் கழித்துப் பசித்துச் சாப்பிட்டேன்.

இது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். அடுத்த கடிதம் வந்ததும் மறுபடி எழுதினேன். இப்படி எட்டுக் கடிதங்கள். உன் அம்மா பெயரில் எழுதுவதென்றால் அவள் பார்த்ததை நான் பார்க்கவேண்டும், அதற்கு வீட்டுக்குள் கிடந்தால் நடக்காது. முருங்கைக்காய் வந்துவிட்டதா என்று செண்பகம் கேட்டால் லேக் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நாற்பது வருடத்தில் நான் காய் வாங்கியதில்லை. வாங்கப் போன முதல்நாள் வெண்டைக்காயை எப்படி ஒடித்துப் பார்ப்பது என்று கடைக்காரரே காட்டிக்கொடுத்தார். உன் அம்மாவைச் சொல்லி, மாஷிமா இப்படித்தான் பார்ப்பார் என்று அவர் சொன்னபோது, என்னைவிட அவருக்கு அவளைத் தெரிந்திருக்கிறது என்று பட்டது. ஷீலா போதியின் மருமகளுக்குக் குழந்தை பிறந்ததா என்று செண்பகம் கேட்டாள். கீழே இறங்கிப் போய் விசாரித்தேன். போதி என்னை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். பெண் குழந்தை, தலைநிறைய முடி என்று எழுதினேன். பால்கனித் தொட்டிகளைப் பற்றி எழுதவேண்டியிருந்தது என்பதற்காகத் தண்ணீர் ஊற்றினேன். காலையில் காபி குடித்ததும் மேஜையில் உட்கார்ந்தால் பதினொரு மணி ஆவது தெரியாது. அலுவலகம் போவது மாதிரிச் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனக்கு வேறொன்றும் தெரியவந்தது. செண்பகத்தின் கடிதங்களிலிருந்து, முப்பது வருடமாக உன் அம்மா என்னைப் பற்றி என்ன எழுதி வந்தாள் என்பது மெதுமெதுவாக எனக்குப் புரிந்தது. அண்ணாச்சி இன்னும் குழம்பு பிடிக்கலேன்னா சொல்லாமல் தண்ணியக் குடிச்சிட்டு எழுந்திருக்காரா என்று ஒன்றில் இருந்தது. அவர் ஆபீஸ் விட்டு வரும்போது தெருமுனையில் தலை தெரியுதான்னு பால்கனியில நிப்பியே, இப்பவும் அவர் வெளிய போனா நிக்கியா என்று ஒன்றில். அவள் நின்றாளா? நான் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை. இன்னொன்றில், மூச்சு வாங்குதுன்னு அவர்கிட்டச் சொல்லல, பயந்துருவாருன்னு எழுதியிருந்தியே, சொல்லிட்டியா என்று கேட்டிருந்தாள். அதைப் படித்துவிட்டு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. அப்புறம் உன் அம்மாவாகப் பதில் எழுதினேன். சொல்லவில்லை செண்பகம், சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார். இது அவள் எழுதியிருக்கக் கூடியது அல்ல. அவள் என்னை அப்படி விட்டுக்கொடுத்து எழுதமாட்டாள். எழுதியது நான்தான்.

ஆடி மாதத்தில் செண்பகம் எழுதினாள், கண்ணில் புரை முற்றிவிட்டது, கல்கத்தாவில் ஆபரேஷன், வந்து உன்னோடு நான்கு நாள் இருக்கப்போகிறேன் என்று. வேறு வழியில்லை. ஒரு காலை ஹவுராவில் ரயில் ஏறிக் கரக்பூர் போனேன். ஸ்டேஷனிலிருந்து ரிக்‌ஷா. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரம் ஆனது. கண்டுகொண்டதும் எனக்குப் பின்னால் கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "கோமதி எங்க? ரிக்‌ஷாவுல இருக்காளா?" என்று கேட்டாள். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரல். இல்லை என்று தலையை அசைத்தேன். அவள் மருமகள் ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வீட்டில் எல்லாரும் அவளோடு அதில் எழுதித்தான் பேசுவார்கள். முந்தைய பக்கத்தில் மாத்திரை போட்டாச்சா, தோசையா இட்லியா என்றெல்லாம் இருந்தது. நான் புதுப் பக்கத்தில் முதலில் தேதி போட்டேன், ஆபீஸ் பழக்கம். அதன்கீழ் கோமதி இறந்துவிட்டாள் என்று எழுதி நீட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பெருசா எழுதுங்க அண்ணாச்சி. தெரியல" என்று திருப்பிக் கொடுத்தாள். பக்கம் முழுவதையும் அடைக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, அந்த இரண்டு வார்த்தையை மறுபடி எழுதினேன். நான் எழுதுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி எழுத்துக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

 எப்போது என்று கேட்டாள். எழுதினேன். விரல்விட்டு எண்ணினாள். பொங்கலுக்கு எழுதினது யார், முருங்கைக்காய் பற்றி எழுதினது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் நான், நான் என்று எழுதினேன். "பத்து மாசம் எனக்கு அழக்கூட விடல நீங்க" என்றாள். கோபத்தில் சொன்னாளா என்று தெரியவில்லை, அவள் குரல் எப்போதும் ஒரே உயரம்தான். கொஞ்சம் கழித்து, மகன் வந்து பார்த்தானா, உயிர் இருக்கும்போது வந்தானா என்று கேட்டாள். நான் எழுதினேன், அவனுக்குத் தகவல் போகவில்லை. அவள் நோட்டைக் கண்ணருகில் வைத்து இரண்டு தடவை படித்தாள். "போகலையா, நீங்க அனுப்பலையா?" என்று கேட்டாள். முப்பத்து நான்கு வருடத்தில் என் அறிக்கை எதையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. போகவில்லை என்பதை அடித்துவிட்டு, பெரிய எழுத்தில், நான் அனுப்பவில்லை என்று எழுதினேன். அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தாள். "இத எனக்கு எதுக்கு எழுதுதீங்க? அவனுக்கு எழுதுங்க" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். உன் அம்மா புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஞாயிறு சாயங்காலம் நீ பேசி முடித்த மறுநாள், திங்கட்கிழமை காலையில் படியில் மயங்கி விழுந்தாள். தெருக்காரர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். இதயம் வீங்கியிருக்கிறது, நீர் கோத்திருக்கிறது, நெருங்கிய சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று அன்று மதியமே டாக்டர் சொன்னார். அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள், அவள் போன் என் பையில் இருந்தது. உன்னைக் கூப்பிடச் சொன்னாள். சரி என்று வெளியே வந்தேன். உன் எண்ணை எடுத்தேன். மூன்று மாடி, படி, மூச்சு, நீ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. நீ சொன்னது சரி என்று ஆகிவிடும் என்பது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது. உன் வேலையை நினைக்கவில்லை, நீ பதறுவாய் என்று நினைக்கவில்லை. அப்படி ஏதாவது நல்ல காரணம் இருந்ததா என்று இரண்டு வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும், வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டுச் சாவகாசமாகச் சொல்லலாம் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அவனுக்குச் சொல்லிவிட்டேன், பூஜை நேரம், விமானத்தில் இடமில்லை, நாளைக்குக் கிளம்புகிறான் என்றேன். செவ்வாயன்றும் கேட்டாள். அதையே சொன்னேன். புதனன்றும் கேட்டாள். ஷீலா போதியிடமும் அதையே சொல்லி வைத்தேன். அதனால்தான் அவள் உன்னிடம் பேசவில்லை. தாய் நாலு நாள் கிடந்தும் சாவகாசமாக வந்தவன் என்று இந்தத் தெரு உன்னை நினைத்தது. போன மாதம் போதியிடம் போய் உண்மையைச் சொன்னேன். சீ என்றாள். இன்னும் என்னிடம் பேசவில்லை. பேசவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கரக்பூரிலிருந்து திரும்பியதும் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. உனக்கு என்று தொடங்கி எத்தனையோ தடவை எழுதினேன், எல்லாம் பழைய அறிக்கை பாஷைக்கே போய்விட்டது. அதனால் வேறுவழியாக வந்தேன். உன் அம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கினேன். அவளை ரயிலில் முதன்முதலாக இங்கே கூட்டிவந்தது, உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஒரு மாதம் அவளும் உன்னோடு பத்தியம் இருந்தது, வங்காளம் தெரியாமல் அவள் ரேஷன் கடையில் தவித்தது. நான்கு நோட்டு நிரம்பிவிட்டது. திங்கட்கிழமைதோறும் ஒரு பகுதியைச் செண்பகத்துக்கு அனுப்புகிறேன், என் பெயரில். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கண் நன்றாகத் தெரிகிறது, அதனால் தப்பிக்க முடிவதில்லை. கோமதி அப்படிச் சிரிக்கமாட்டா, நீங்க அன்னைக்கு வீட்டுலயே இல்ல, யார் சொல்லி எழுதினீய என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவாள். உன் அம்மா எழுதிய கடிதங்களைக் கேட்டேன், ஒருமுறை படித்துவிட்டுத் தருகிறேன் என்று. அது எனக்கு எழுதினது, தரமாட்டேன் என்று எழுதிவிட்டாள். நியாயம்தான். எனக்கு அவள் ஒரு வரி எழுதியதில்லை. எழுத நான் எங்கே தூரத்தில் இருந்தேன்?

எழுதுவதால் மனம் லேசாகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. முன்னைவிட அதிகம் தெரிகிறது, அதனால் முன்னைவிட அதிகமாக அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. அவளோடு இருந்த நாற்பது வருடம் கவனிக்காததை இப்போது உட்கார்ந்து கவனிக்கிறேன். அது என் வேலை. இருக்கிறவரைக்கும் செய்துவிட்டுப் போகிறேன். நீ கூட்டிப்போனால் புனேயில் இருந்து எழுதுவேன், கூட்டிப்போகாவிட்டால் இந்த மூன்றாவது மாடியில் இருந்து எழுதுவேன். இப்போது எனக்கும் இரண்டாவது மாடியில் ஒருமுறை உட்காரவேண்டியிருக்கிறது. அதை நீ காரணமாக எடுத்துக்கொள்ளாதே. இரக்கப்பட்டு முடிவு செய்யாதே. கோபம் வந்தால் கோபப்படு, அதை உன் மனைவி வழியாகச் சொல்லி அனுப்பாமல் என்னிடமே சொல்.

உன் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். புதன்கிழமை சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் என்னை உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். கிளம்பிட்டானா என்று கேட்டாள். நாளை மத்தியானம் வந்துவிடுவான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நான் எழுந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னாள். "அவன் வந்து நான் இப்படிக் கிடக்கதப் பாத்தாம்னா உங்ககிட்டதான் சத்தம் போடுவான். நான்தான் புனேக்கு வரமாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சேன்னு சொல்லிருங்க. என்ன அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்."

அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நான் கூப்பிடவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லிக் கொடுத்த அந்தப் பொய் இரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. பதினாறாம் நாள் நீ அழுதபோது சொல்லியிருக்கலாம். போனில் நீ பழையதைப் பேசும்போதெல்லாம் சொல்லியிருக்கலாம். நீ நம்பியிருப்பாய், நம் இருவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். நடந்தது வேறு. பொங்கல் முடிந்து நீ பையோடு படியிறங்கிய அன்று, காபி டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரு ஆறு மாதம் போய் அவனோடு இருந்துவிட்டு வருவோமா, பேத்தியையும் பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டாள். நீ வேண்டுமென்றால் போ என்றேன். அவள் தனியாக ரயில் ஏறியவள் இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. உன் அம்மா உன்னிடம் வர ஆசைப்பட்டாள், தம்பி. நான் விடவில்லை.

அப்பா